37-க்கு முந்தின வசனம்

கர்த்தருக்குள் அன்பான ராசாவுக்கு, அம்மா எழுதுவது.

போன் போட்டால் 'நல்லா இருக்கேம்மா, மீட்டிங்' என்று வைத்துவிடுகிறாய். காலை 11 மணி மீட்டிங்கில் பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது. பின்வாசல் முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. அடுத்த மாதம் நம் சபையில் அசன விருந்து. உன் பெயருக்குச் சங்கக் காணிக்கையை நானே கட்டிவிட்டேன், நீதான் ஆறு மாதமாக மறந்துவிட்டாய்.

புது வருஷ ஆராதனையில் நீ எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை இன்னும் பீரோ கண்ணாடியில்தான் இருக்கிறது. ரோமர் 8:37, 'முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோம்'. தலை சீவும்போதெல்லாம் பார்ப்பேன். போன வாரம்தான் அதற்கு முந்தின வசனத்தை நின்று வாசித்தேன், 'அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்' என்று இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அந்த நிருபத்தைத் தந்த பவுல் அப்போஸ்தலன் 5 தடவை சாட்டையடி, 3 தடவை மிலாறு என்கிற கோலால் அடி, 3 தடவை கப்பற்சேதம் எல்லாம் பட்டபிறகு, அந்த முதுகோடு உட்கார்ந்துதான் ஜெயம் என்று தான் சொல்லச் சொல்லத் தெர்தியுவை எழுதவைத்திருக்கிறார்.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிற கிதியோனும் அப்படித்தான். விளைச்சலைக் கொள்ளையடிக்கிற மீதியானியருக்குப் பயந்து ஆலைப் பக்கம் ஒளித்து ஒளித்துக் கோதுமையைப் போரடித்தவனைத்தான் தூதன் 'பராக்கிரமசாலியே' என்று கூப்பிட்டான். அதுவரை அவன் ஒரு சண்டையும் ஜெயிக்கவில்லை. சண்டே ஸ்கூலில் 12 வருஷம் இந்தக் கதை சொன்னேன், பயந்து ஒளிந்ததை வேகமாகத் தாண்டி அவனுடைய 300 பேர் தீவட்டி பிடித்து ஜெயித்த இடத்துக்கு ஓடிவிடுவேன்.

உன்னிடமும் அதையே செய்தேன். பத்தாம் வகுப்பு மார்க், கேம்பஸ் வேலை, முதல் சம்பளம், ஒவ்வொன்றுக்கும் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், பெருமையாக இருந்தது, இன்றைக்கும் நீ என் பெருமைதான். ஆனால் பிளஸ் டூ கணக்கில் நீ பெயிலான அந்த ஞாயிறு, உனக்குக் காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொல்லி உன்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. நான் கேட்டைப் பூட்டும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாயே, அந்த முகம் இப்போது ராத்திரியெல்லாம் வருகிறது. தோற்றவன் கோயில் பக்கம் வரக்கூடாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் ராசா. ஜெயித்தால்தான் நீ தேவனுடைய பிள்ளை என்பதுபோல வளர்த்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அசனத்துக்கு வா. வேலை இருந்தால் இருக்கிறபடி வா, இல்லையென்றால் இல்லாதபடி வா. பந்தியில் சாம்பார் வாளி தூக்க ஆள் இல்லை. யாராவது இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டால், நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமானால் சொல், சீட்டுப் பணம் என்னிடம் இருக்கிறது. ஜெபிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உனக்கும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. இன்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எழுது.

அம்மா