செடிக்கும் உயிர் உண்டென்று கண்ணால் காணட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து வயதுக் குழந்தையிடம் "செடிக்கு உயிர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இல்லை, அது நடக்கவே மாட்டேங்குதே" என்ற பதில் சகஜமாக வரும். அசைவதற்கெல்லாம் உயிர் உண்டு என்று நினைக்கும் இந்த இயல்பை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே விவரித்திருக்கிறார். நாமோ "உயிருள்ளவை நகரும், உண்ணும், சுவாசிக்கும்" என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம். அந்த வரிக்குள் செடி எங்கே இருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிவதில்லை.

விதை முளைக்கவைக்கும் பாடம் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் வைப்பதில்லை. தட்டைப்பயறு அல்லது அவரை விதைகளை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரிலேயே கிடந்தால் காற்றில்லாமல் அழுகத் தொடங்கும். ஊறியதில் பாதியை எடுத்துப் பத்து நிமிடம் வேகவைத்து ஆறவிடுங்கள். கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் டிஷ்யூ தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பக்கம் வேகவைக்காத விதைகள், எதிர்ப்பக்கம் வெந்த விதைகள், கூடவே ஒரு கூழாங்கல். அடியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தாள் தானே உறிஞ்சிக்கொள்ளும். விதை தண்ணீருக்குள் முங்கக் கூடாது.

இரண்டு விதையும் உப்பித்தான் இருக்கும். "உப்பிவிட்டது, உயிர் வந்துவிட்டது" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், செத்த விதையும் தண்ணீர் குடித்தால் உப்பும். இரண்டு மூன்று நாளில் ஒன்றில் மட்டும் தோல் கிழிந்து வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்கும். வெந்தது பூசணம் பிடிக்கும், கல் கல்லாகவே இருக்கும். குழந்தை தானாகக் கேள்வி கேட்கும் நேரம் அதுதான். வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரத் தாளோடு தம்ளரைப் படுக்கவையுங்கள். மறுநாள் வேர்நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். நகராத செடி அசைந்ததைக் குழந்தை பார்த்துவிடும்.

ஆளுக்கு ஒரு விதை கொடுப்பது தவறு. தன் விதை முளைக்காத குழந்தை வாடிப்போகும். மூன்று விதைகளாவது கொடுங்கள். முளைத்ததைத் தாளிலேயே விட்டுவைப்பதும் தவறு. வித்திலையில், அதாவது விதைக்குள் இருக்கும் தடித்த இலையில், உள்ள உணவு தீர்ந்ததும் செடி துவண்டுவிடும். முதல் இலை விரிந்தவுடன், அடியில் துளையுள்ள தொட்டியில், வேரை இழுக்காமல் ஒட்டிய தாளோடு மண்ணில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை செடியின் உயரத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி வரிசையாக ஒட்டினால், எண் தெரியாத குழந்தைக்கும் வளர்ச்சி புரியும்.

இருட்டில் வைத்த செடியைக் காட்டும்போது கவனம் தேவை. அது மற்றதைவிட நெட்டையாக வளர்ந்திருக்கும், உடனே "இருட்டில்தான் நல்லா வளருது" என்பார்கள். வெளுத்த இலையையும் நூல்போன்ற தண்டையும் தொட்டுப் பார்க்கவையுங்கள். வெளிச்சத்தைத் தேடி, இருக்கிற சாப்பாட்டையெல்லாம் செலவழித்து நீண்டிருக்கிறது என்று விளக்குங்கள். தொட்டாற்சுருங்கியை மட்டும் காட்டினாலும் இதே சிக்கல்தான்: அதற்கு மட்டும் உயிர் உண்டு, பக்கத்துச் செடிக்கு இல்லை என்று எண்ணிவிடுவார்கள்.

"இலையைப் பறிக்காதே, அதற்கு வலிக்கும்" என்ற பேச்சு எங்களுக்கு உடன்பாடில்லை. செடிக்கு நரம்பு மண்டலமோ மூளையோ கிடையாது. "இலைதான் அதற்குச் சமையலறை" என்று உண்மையைச் சொன்னாலே குழந்தை கையை எடுத்துவிடும்.

மருந்து தடவிய, நிறமேற்றிய விதைகளையும், குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தையையும் பிஞ்சுக் கைகளில் கொடுக்கவே கூடாது. மூன்று வயதுக்குக் கீழானவர்கள் விதையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு வளர்ந்த செடியைக் காட்டினால் போதும்.

கடைசியாக ஒன்று. காய்ந்த செடியை இரவோடு இரவாக மாற்றிவைத்து ஏமாற்றாதீர்கள். தண்ணீரில்லாமல் வாடிய செடியையும் செத்த செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் குழந்தையே தண்ணீர் ஊற்றட்டும். சில மணி நேரத்தில் ஒன்று நிமிரும், மற்றது நிமிராது.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இருவர்