சிக்னலில் அணையும் இன்ஜின்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

கார் விஷயத்துக்கு வருகிறேன். சிக்னலில் நின்றதும் இன்ஜினைத் தானாக அணைத்து, கிளம்பும்போது மறுபடி ஸ்டார்ட் செய்யும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உன் காரில் ஒரு மாதமாக வேலை செய்வதில்லை. கடைக்காரர், "சாதாரண பேட்டரியே போதும், அந்த வசதியை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டு ஓட்டுங்கள்" என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அவசரப்பட்டு மாற்றிவிடாதே.

இன்ஜினை அணைக்கும் முன் வண்டி பல விஷயங்களைப் பார்க்கிறது: கூலன்ட் சூடேறியிருக்கிறதா, பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரில் வேக்குவம் இருக்கிறதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறதா, ஏசிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது, பேட்டரியில் சார்ஜ் போதுமா. ஒன்று சரியில்லை என்றாலும் அணைக்காது. மே மாத வெயிலில் ஏசியை முழுசாக வைத்தால் அணையாமல் இருப்பது இயல்புதான். விடியற்காலையில் ஏசி இல்லாமல் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் அணையவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். உன்னுடையதற்கு மூன்று வயது முடிந்துவிட்டதே.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வோல்ட் சரியாகக் காட்டியும் உள்ளே தேய்ந்துபோன பேட்டரிகள் உண்டு. அதனால் கடையில் டெஸ்டர் வைத்தும் ஒருமுறை பார்க்கச் சொல்.

சாதாரண பேட்டரி ஏன் கூடாது? அது ஒரு தடவை பலமாக செல்ஃப் அடித்துவிட்டு, பிறகு எப்போதும் நிறைந்தே இருக்கும்படி செய்யப்பட்டது. இங்கே ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கு, மின்விசிறி, ஸ்டீரியோ எல்லாவற்றையும் அது தனியாகச் சுமந்து, உடனே மறுபடி செல்ஃபும் அடிக்க வேண்டும். அரைகுறையாக இறங்கி ஏறிக்கொண்டே இருந்தால் பேட்டரிக்குள் பாசிட்டிவ் தட்டில் பூசியிருக்கும், சார்ஜைத் தேக்கும் பேஸ்ட் உதிரும். இந்த வசதிக்கென்றே பலப்படுத்திச் செய்த இ.எஃப்.பி. (Enhanced Flooded Battery) பேட்டரியில் அந்தத் தட்டின்மேல் பாலியஸ்டர் வலை போர்த்தி உதிர்வதைத் தடுத்திருப்பார்கள். ஏ.ஜி.எம். (Absorbent Glass Mat) என்ற வகை இன்னும் ஒரு படி மேலே. ஆசிட் முழுவதும் கண்ணாடி இழைப் பஞ்சுக்குள் ஊறியிருக்கும். ஆனால் சூடு அதற்கு ஆகாது, விலையும் அதிகம். உன் வண்டியில் எது வந்ததோ அதையே போடு. இ.எஃப்.பி. இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். போட்டுப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை உற்றுப் பார். கிளாம்போடு சேர்ந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும், அதிலிருந்து மெல்லிய ஒயரும் போகும். உள்ளே வெளியே போகும் கரன்ட்டை எண்ணுவது அதுதான். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் ஏறும் கரன்ட் அந்தப் பெட்டி வழியாகப் போகாது. பேட்டரி நிறைந்த பிறகும் வண்டி அது காலி என்றே நினைத்து இன்ஜினை அணைக்க மறுக்கும். எப்போதும் பாடியிலோ இன்ஜினிலோ இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டு. ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம் எர்த்துக்கும் இதே விதி. புதுப் பேட்டரி போட்டதும் வண்டி வைத்திருக்கும் பழைய பேட்டரியின் கணக்கை ஸ்கேனரில் அழித்துத் தரச் சொல்.

லாபம் எவ்வளவு என்று கேட்டாய். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் சும்மா ஓடினால் மணிக்குச் சுமார் 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். ஒரு நாளில் மொத்தம் பதினைந்து நிமிடம் அணைந்திருந்தால் 150 முதல் 200 மில்லி மிச்சம். நகரத்துக்குள்ளேயே ஓடுபவருக்கு இது கணிசம்தான். பைபாஸில் ஓடுபவருக்கு ஒன்றுமில்லை. பத்து விநாடிக்குக் குறைவாக நிற்கும் இடத்தில் அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வதால் பெரிய பயன் கிடையாது. உன்னுடையது மேனுவல் கியர் என்பதால் முடிவு உன் இடது காலிடம்தான். சிக்னல் கடிகாரம் 90 விநாடி காட்டினால் நியூட்ரல் போட்டு கிளட்சிலிருந்து காலை எடு, இன்ஜின் அணையும். நெரிசலில் வண்டி நகர்ந்து நகர்ந்து போனால் பட்டனை அமுக்கிவிடு. கிளட்சை மிதித்தபடியே நின்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும்.

செல்ஃப் மோட்டாரைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வண்டிகளுக்குப் பல மடங்கு அதிக ஸ்டார்ட் தாங்கும் மோட்டார் வைக்கிறார்கள். சூடான இன்ஜினில் ஆயில் படலமும் இருப்பதால் தேய்மானம் காலை முதல் ஸ்டார்ட் மாதிரி இராது. ஏசியில்தான் உண்மையான குறை. இன்ஜின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும். ஒரு நிமிடத்தில் புழுக்கம், ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் ஈரமான எவாப்பரேட்டரிலிருந்து வாடையும் வரும். அம்மா உடன் வரும் நாளில் பட்டனை அமுக்கிவிடு.

மழையில் சுரங்கப்பாதை, தேங்கிய தண்ணீர் என்று வந்தால் வண்டியைத் தண்ணீரில் இறக்கும் முன்பே பட்டனை அமுக்கி ஸ்டார்ட்-ஸ்டாப்பை ஆஃப் செய். நடுத்தண்ணீரில் இன்ஜின் அணைந்தால் சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் ஏறும். வேகமாக ஓட்டிவந்து டோலில் நிற்கும்போது, சூடான டர்போ ஆறும் முன் இன்ஜின் அணையாமலிருக்க, தம்பியின் டர்போ காரிலும் அப்படியே செய்யச் சொல். அணைந்திருக்கும்போது இக்னிஷன் ஆன்தான் என்பதை மறந்து யாரும் இறங்கிப் போய்விடக் கூடாது.

பேட்டரிமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. ஆம்பியர் அளவையும் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து, எது வாங்கலாம் என்று எழுதுகிறேன். காலையில் எடுத்த வோல்ட் அளவையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ராமு