எங்கள் கிணற்றுக்கு எந்தத் துறை?

உரத்தைக் கவனிக்கும் துறைக்கும், குடிநீரைக் கவனிக்கும் துறைக்கும், நிலத்தடி நீரை அளக்கும் துறைக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டேன். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் நைட்ரேட் என்ற உப்புக்காக எங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதியுங்கள் என்ற என் மனு உங்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டதாக மூன்று பதில்கள் வந்தன. நீங்கள் மூவரும் ஒரே நேரத்தில் படித்தால் அடுத்தவருக்கு அனுப்ப ஆள் இருக்காதே என்றுதான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் கிணற்றுப் பாசன விவசாயி. நெல், கொஞ்சம் மஞ்சள், தண்ணீர் இருக்கிற வருடம் கரும்பு. வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே கிணறு. என் அப்பா காலத்தில் வெட்டிய கிணறு அது.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதவில்லை என்று பால்பவுடரும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பேரனுக்குப் பவுடர் கலக்குகிற பொறுப்பை என் மனைவி வேறு யாரிடமும் விடவில்லை. ஒவ்வொரு வேளையும் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். தளதளவென்று கொதித்த பிறகும் அடுப்பைத் தணித்து இன்னும் கொஞ்ச நேரம் வைப்பாள். 'பச்சப்புள்ள வயிறு, அரைகுறையா காய்ச்சக் கூடாது' என்பாள். ராத்திரி இரண்டு மணிக்கும் அப்படித்தான். ஆறு வாரம் இது நடந்தது.

குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர்தான் பேச்சோடு பேச்சாக, "கிணத்துத் தண்ணியா? டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். டவுனில் ஒரு ஆய்வகத்தில் பணம் கட்டிக் கொடுத்தேன். நைட்ரேட் லிட்டருக்கு 96 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு 45. வேறு வழியில்லாவிட்டால் இவ்வளவு வரை போகலாம் என்று சில பொருள்களுக்குத் தளர்வு உண்டு, நைட்ரேட்டுக்கு அதுவும் கிடையாது. உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவிலியர் தாளைப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், காய்ச்சியும் கொடுக்காதீர்கள் என்றார். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே பாத்திரத்தில் நிற்கும், அளவு கூடத்தான் செய்யும் என்று விளக்கினார். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ நான் காய்ச்சக் காய்ச்ச அதிகமாத்தான் குடுத்தேனா?"

பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போவது குறைந்து உடம்பு நீலம் பாய்கிற அந்த நோய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி அவனுக்குப் பவுடர் கலக்குவதில்லை. மகள்தான் கலக்குகிறாள், கேன் தண்ணீரில். கிணற்றடியில் நின்று கேன் தண்ணீருக்குச் சில்லறை எண்ணுகிற நிலைமைகூடப் பழகிவிட்டது. அவள் கேட்ட கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தண்ணீருக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி மாற்றம் கிடையாது. துணியில் வடியாது, படிகாரத்தில் படியாது, குளோரினில் போகாது. ஒரு பாட்டிக்குத் தெரிந்த எல்லா ஜாக்கிரதையையும் அவள் செய்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, நீங்கள் சொல்லவில்லை.

தெரிந்திருந்தது என்று நான் சும்மா சொல்லவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 37க்கு மேல் நைட்ரேட் வரம்பைத் தாண்டியவை. ராஜஸ்தானும் கர்நாடகாவும்தான் நமக்கு முன்னால். நாடு முழுக்க இந்தப் பிரச்சினை உள்ள மாவட்டங்கள் 2017இல் 359, 2023இல் 440. இவ்வளவும் அச்சிட்டு, அட்டை போட்டு, இணையத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். ஊருக்குள் மட்டும் வரவில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். எங்கள் ஊரில் குடிக்கப் பயன்படும் ஒவ்வொரு கிணற்றையும் ஆழ்துளையையும், பொதுவோ தனியாரோ, வருடத்துக்கு ஒருமுறை நைட்ரேட்டுக்குச் சோதியுங்கள். வந்த எண்ணை மார்ச் 22ஆம் தேதி கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள். அன்றைக்கு உலகத் தண்ணீர் தினம் என்றுதானே சபையே கூட்டுகிறோம்?

இதைக் கேட்டுத்தான் உங்கள் அலுவலகங்களுக்கு வந்தேன். யாரும் என்னை விரட்டவில்லை, ஒரு இடத்தில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர், குடிநீர் எங்கள் வேலை இல்லை என்றார். ஒருவர், தனியார் கிணறு எங்கள் கணக்கில் வராது என்றார். மூன்றாமவர், நாங்கள் அளப்பதோடு சரி என்றார். அதற்குப் பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "யூரியா போட்டது நீங்கதானே?"

ஆமாம் ஐயா. நான்தான் போட்டேன். இதை மறைத்துக்கொண்டு மடல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பரிந்துரை ஏக்கருக்கு இவ்வளவு என்றால் அதற்கு மேலேயும் போட்டிருக்கிறேன். பயிர் கொஞ்சம் வெளுத்தால் மேலுரம், மழை வருகிற மாதிரி இருந்தால் முந்திக்கொண்டு ஒரு கை. போட்டதில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை என்கிறார்கள். கொஞ்சம் காற்றில் போகும். மண்ணில் யூரியா நைட்ரேட்டாக மாறிவிட்டால் மண் அதைப் பிடித்து வைக்காது, பாய்ச்சுகிற தண்ணீரோடு நேரே கீழே இறங்கிவிடும். எங்கள் பக்கம் நாலு அடிக்குக் கீழே சரளையும் பாறை வெடிப்பும். வயலில் விட்டது கிணற்றுக்கு வர எத்தனை நாள் ஆகும்? அந்தக் கிணற்றிலிருந்தே எடுத்து, யூரியா தூவிய வயலுக்கே திரும்பவும் பாய்ச்சுகிறேன். என் கிணற்றை நானே முப்பது வருடமாகக் கெடுத்திருக்கிறேன்.

ஆனால் நான் ஏன் அப்படிப் போட்டேன் என்று அந்த அதிகாரி கேட்கவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். 2010இல் சத்துக்கு ஏற்ற மானியம் என்று கொண்டுவந்தபோது மற்ற உரங்களையெல்லாம் அதில் சேர்த்துவிட்டு யூரியாவை மட்டும் வெளியே வைத்தீர்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) விலை ஏறியது. யூரியா தருகிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மட்டும் மலிவாகவே நின்றது. கையில் காசு குறைந்தவன் எதைத் தூவுவான்? 2015இல் சத்து மெதுவாக இறங்கட்டும் என்று யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசினீர்கள், 2018இல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தீர்கள். மூட்டை சிறுத்தால் தூவுவது சிறுக்கும் என்று கணக்கு. இன்றைக்கு நாடு வருடத்துக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா தூவுகிறது. விவசாயிக்கு மூட்டை எண்ணத் தெரியாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மண்வள அட்டையும் கொடுத்தீர்கள். என் மண்ணில் தழைச்சத்து எவ்வளவு என்று அதில் இருக்கிறது. என் பாசனத் தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது என்று எந்த அட்டையிலும் இல்லை. 96 மில்லிகிராம் இருக்கிற தண்ணீரைப் பாய்ச்சினால் அதிலேயே ஒரு பங்கு தழைச்சத்து பயிருக்குப் போகிறது அல்லவா? அதைச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்திருப்பேனே! காசும் மிச்சம். சோதனை வேண்டும் என்பது பேரனுக்காக மட்டும் இல்லை.

சட்டத்தைக் கேட்டால், 1974ஆம் வருட நீர் மாசு தடுப்புச் சட்டம் ஆலைக் கழிவுக் குழாயைத் தேடிப் போகும். என் வயலுக்குக் குழாய் கிடையாது, எனவே நான் மாசுபடுத்துகிறவன் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பியர்கள் விவசாய நைட்ரேட்டுக்கென்றே 1991இல் ஒரு சட்டம் போட்டார்கள். அங்கேயும் சுமுகமாகப் போகவில்லை. நெதர்லாந்தில் நைட்ரஜனைக் குறைக்கச் சொன்னபோது விவசாயிகள் டிராக்டரோடு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார்கள், 2023இல் அவர்களுக்காக நின்ற கட்சி மாகாணத் தேர்தலிலேயே முதலிடம் பிடித்தது. இங்கே அந்தச் சிரமமே இல்லை. உரத் தட்டுப்பாடு என்றால் சட்டமன்றத்தில் வெளிநடப்பு நடக்கும், தொலைக்காட்சியில் வரிசை காட்டுவார்கள். நைட்ரேட் என்றால் எந்தக் கட்சிக்கும் காது கேட்காது. உரவிலையில் கை வைத்தவன் தோற்பான், கிணற்றில் நஞ்சு என்று சொன்னவனுக்கு ஒரு ஓட்டும் அதிகமாகக் கிடைக்காது. இந்தக் கணக்கில் எல்லாக் கட்சிக்கும் ஒற்றுமை.

எங்கள் ஊரும் யோக்கியம் இல்லை. நான் ஆய்வக முடிவை டீக்கடையில் காட்டியதற்கு ஒரு பங்காளி என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு பரப்பினா நிலம் என்ன விலைக்குப் போகும், நம்ம பசங்களுக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்கிறார். இன்னொருவர், எல்லாம் கக்கூஸ் குழியால் வந்தது, யூரியா மேல் பழி போடாதே என்றார். அதிலும் உண்மை இருக்கலாம், மலக்குழியிலிருந்தும் மாட்டுத்தொழுவத்திலிருந்தும் நைட்ரேட் இறங்கும். எது எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொள்ளவாவது கையில் எண் வேண்டாமா? அதைத்தான் கேட்கிறேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

யூரியா விலையை ஒரே நாளில் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏற்றினால் முதலில் சாகிறவன் என்னைப் போன்றவன்தான். செடியை வளர்த்து மண்ணோடு மடக்கி உழுகிற பசுந்தாள் உரத்தின் பக்கம் நாங்கள் திரும்பத் தயாராக இருக்கிறோம். தக்கைப்பூண்டு, சணப்பு விதைக்கு மானியம் தரத் தொடங்கியிருக்கிறீர்கள், நன்றி. விதை நடவுக்குப் பிறகு வராமல் முன்னால் வந்தால் மடக்கி உழ வசதியாக இருக்கும். இலையின் நிறம் பார்த்து உரம் போடும் அட்டையை இன்னும் நாலு பேர் கையில் கொடுங்கள். இதெல்லாம் மெதுவாக நடக்கட்டும், கீழே இறங்கினது குறைய வருடங்கள் ஆகும் என்று தெரியும். ஆனால் சோதிப்பதற்கும் வாசிப்பதற்கும் வருடங்கள் ஆக வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தருகிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று நீங்கள்தான் விதி எழுதினீர்கள். சோதனைப் பெட்டியைக் கொடுங்கள், ஆட்களை நாங்கள் தருகிறோம்.

போன மார்ச் 22 சபையில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி, நீரைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தோம். அப்புறம் பிஸ்கட் கொடுத்தார்கள். வருகிற மார்ச்சில் உறுதிமொழிக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்தக் கிணறு, எவ்வளவு, பச்சைக்குழந்தைக்கு ஆகுமா ஆகாதா, அவ்வளவு போதும். வாசிக்கப் போகிறவர் மூன்று துறைகளில் எந்தத் துறை என்பதை மட்டும் தயவுசெய்து அதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

மாதிரி எடுக்க வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாளியும் கயிறும் கிணற்றடியிலேயே இருக்கின்றன. முதல் எண்ணாக என் கிணற்றையே வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
யூரியா போட்ட விவசாயி