பேத்தியின் கண்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. நான் நலம். போன மாதம் புரைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்துப் பரிசோதித்தார்கள். வெளியே வந்தால் வெயில் கண்ணில் ஊசியாய் இறங்கியது. அன்று பாதி நாள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான், வெளிச்சம் கண்டதும் உன் பேத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நீ எழுதியதும் சட்டென்று புரிந்தது. அவளுக்கு எல்லா நாளும் அந்தப் பாதி நாள்தான். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் என்ற நிறவளையம் அவள் கண்ணில் வளரவே இல்லை.

டாக்டர் சொன்ன அனிரிடியா இந்தக் குறைதான். 40,000 முதல் 1,00,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் காரணம் பாக்ஸ்6 என்ற ஒரே ஜீன். இதைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்கிறேன், பொறுத்துக்கொள். 1995-ல் சுவிஸ் விஞ்ஞானி வால்டர் கேரிங் குழுவினர், பழ ஈயின் உடலில் இருக்கக்கூடாத இடங்களில் இந்த ஜீனின் ஈ வடிவத்தை இயக்கிவிட்டார்கள். காலிலும் இறக்கையிலும் கண் முளைத்தது! எலியின் ஜீனைப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் முளைத்தது ஈயின் கண்தான், எலியின் கண் அல்ல. அதாவது, கண் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த ஜீன் சொல்வதில்லை. ‘இங்கே வேலையைத் தொடங்கு’ என்று மற்ற ஜீன்களை எழுப்பிவிடும் மேஸ்திரி அது.

நம் எல்லோரிடமும் அதன் இரண்டு பிரதிகள் உண்டு. பல ஜீன்களில் ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். இங்கே அது நடக்காது. ஒரு பிரதி மட்டும் தரும் பாதி அளவு போதவில்லை. எலிகளில் அளவு கூடினாலும் கண் கெடுகிறது. உப்பு மாதிரிதான் இதுவும்.

‘இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லையே, அப்புறம் எப்படி ஜீன்?’ என்று கேட்டிருந்தாய். சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு இது புதிதாகவே நேர்கிறது. பெரும்பாலும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ நேர்ந்த பிழை. கர்ப்பத்தில் சாப்பிட்ட எந்த மாத்திரையை நினைத்து உன் மகள் அழுகிறாளோ, அதற்கெல்லாம் முன்பே முடிந்துபோன சங்கதி. இதை நீயே உட்கார்ந்து அவளிடம் சொல். என் கடிதத்தைக் காட்டினாலும் சரி.

பார்வை எவ்வளவு வரும் என்பதை இப்போதே சொல்ல முடியாது. விழித்திரையின் நடுக்குழியும் சரியாக அமையாததால் கண் தானாகவே ஆடும். பின்னால் கண் அழுத்தம், புரை வரலாம். நிறக் கண்ணாடி, ஒழுங்கான பரிசோதனை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். 11-ஆவது குரோமோசோமில் பாக்ஸ்6-க்குப் பக்கத்திலேயே டபிள்யூடி1 என்ற ஜீன் இருக்கிறது. சிலருக்கு அந்தக் குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருக்கும். அந்தத் துண்டு பெரிதாக இருந்து இரண்டு ஜீனையும் கொண்டுபோயிருந்தால், சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற குழந்தைப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வந்த குழந்தைக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்களா? முடிவு வரும்வரை சிறுநீரக ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் கேட்டு எழுது. அடுத்த குழந்தைக்கு வருமா என்ற கேள்வியையும் அந்த முடிவை வைத்துத்தான் பேச முடியும்.

அன்புடன்,
மூர்த்தி