கோடை விடுமுறையும் குச்சி ஐஸும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேர்வுகள் முடியப்போகின்றன, வெயிலும் ஏறிவிட்டது. பள்ளி திறக்கும் நாள், புத்தகப் பட்டியல் எல்லாம் தனிச் சுற்றறிக்கையில் வரும். இந்தக் கடிதம் ஐஸ்கிரீம் பற்றியது. சிரிக்காதீர்கள்! கோடை வந்தாலே பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி மதிப்பெண் பற்றியதல்ல, "தினமும் ஐஸ் கேட்கிறான் சார், கொடுக்கலாமா?" என்பதுதான்.

கொடுக்கலாம். அறவே கூடாது என்று தடுத்தால் பிள்ளைக்கு அதன் மேல் ஆசை கூடுமே தவிரக் குறையாது. எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கட்டும்.

சளி பிடிக்கும் என்று பலர் பயப்படுகிறீர்கள். சளி வைரஸால் வருகிறது. ஐஸ் அதை உண்டாக்குவதில்லை. குளிர்ந்ததைச் சாப்பிட்டால் மூச்சு இழுக்கிறது என்று நீங்கள் கவனித்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கவலையெல்லாம் சர்க்கரை மீதுதான்.

நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு முழுதாக உறைக்காது. அதனால் உறைந்த பண்டம் இனிக்க வேண்டுமென்றால் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டித்தான் ஆக வேண்டும். நம்பிக்கை இல்லையா? ஒரு குச்சி ஐஸை டம்ளரில் போட்டு உருகவிடுங்கள். குளிர் முழுக்கப் போனபின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், திகட்டிவிடும். பிள்ளைகளையும் குடிக்கச் சொல்லுங்கள். நாம் நூறு முறை சொல்வதைவிட அந்த ஒரு வாய் நன்றாகப் புரியவைக்கும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீரின் உறைநிலையை அது குறைப்பதால்தான் ஐஸ்கிரீம் கரண்டி இறங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கிறது. சர்க்கரை குறைத்து வீட்டில் செய்தால் கல்லாகிப்போவதும் இதனால்தான்.

சரி, எவ்வளவு சர்க்கரை பரவாயில்லை? 2 முதல் 18 வயது வரை, உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. 2 வயதுக்குள் தனிச் சர்க்கரையே வேண்டாம் என்பதும் அதே பரிந்துரைதான். இப்போது லேபிளைப் பாருங்கள். 100 கிராமுக்கு 24 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 70 கிராம் கப் ஒன்றில் ஏறக்குறைய 17 கிராம். 4 தேக்கரண்டி அதிலேயே போய்விட்டது. அந்த எண்ணில் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையும் சேர்ந்திருக்கலாம். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனி வரி இருந்தால் அதையே கணக்கில் எடுங்கள். அளவை ஒப்பிடும்போது மில்லி லிட்டரை நம்பாமல் கிராமைப் பாருங்கள். ஐஸ்கிரீமில் காற்று அடித்துக் கலக்கிறார்கள். சில வகைகளில் பாதி அளவு வரை காற்றுதான்.

பொருட்களின் பட்டியல் அதிகமாகச் சேர்ந்ததிலிருந்து குறைவாகச் சேர்ந்தது வரை வரிசையாக இருக்கும். பாலோ பழமோ முதலில் வந்தால் நல்லது. சர்க்கரை முதல் இரண்டு இடங்களிலேயே உட்கார்ந்திருந்தால் அதைக் கீழே வைத்துவிடலாம். ஃப்ரோசன் டெசர்ட் என்று எழுதியவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் தாவர எண்ணெய் இருக்கும். படம் மட்டும் ஐஸ்கிரீம் போலவே இருக்கும். 'நூறு சதவீதம் பழச்சாறு' என்பதைக் கண்டும் ஏமாற வேண்டாம். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும், குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது. முழுப்பழம் அந்தக் கணக்கில் வராது.

பளிச்சென்ற நிறங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில், சில செயற்கை நிறங்களும் கெடாமல் காக்கும் பொருளும் கலந்த பானம் குடித்த பிள்ளைகள் சிலரிடம் துறுதுறுப்பு கூடியது தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் இருந்த ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். நாக்கை நீலமாக்குவதைத் தவிர வேறு பயன் இல்லாத ஒன்றை எதற்கு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

'சர்க்கரை இல்லாதது' என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதில் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற மாற்று இனிப்புகள் அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். பொடி ஐஸாகச் சுழன்றுகொண்டிருக்கும் ஸ்லஷ் பானங்களில், சர்க்கரை குறைந்தாலும் இறுகிவிடாமல் இருக்க கிளிசரால் என்ற இனிப்புத் திரவம் சேர்ப்பதுண்டு. சிறு பிள்ளைகள் அதை மளமளவென்று குடித்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி, வாந்தி, மயக்கம் வரை போகலாம். அதனால் 7 வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே வேண்டாம் என்றும், 7 முதல் 10 வயது வரை 350 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025இல் அறிவுறுத்தியது.

வீட்டில் செய்வது அவ்வளவு வேலை இல்லை. தோல் கறுத்து, யாரும் தொடாமல் கிடக்கும் வாழைப்பழம்தான் இதற்கு அருமை. வில்லைகளாக நறுக்கி, உறையவைத்து, மிக்ஸியில் ஓட்டுங்கள். முதலில் பொடியாகத் தெரியும். நிறுத்திவிடாமல் ஓரத்தை வழித்துவிட்டு ஓட்டினால் திடீரென்று கிரீமாகிவிடும். சர்க்கரை சேர்க்க வேண்டாம். தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் மசித்த பழம் கலந்து அச்சில் ஊற்றலாம். தர்பூசணித் துண்டில் குச்சி செருகி அப்படியே உறையவைத்தாலும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். தயிர் உறைந்தபின் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பழம் நன்றாகக் கனிந்திருக்கட்டும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு முழுத் திராட்சையை உறையவைத்துக் கொடுக்காதீர்கள்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்கி, இளகியபின் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அப்புறம், உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைத்துக் கொடுப்பது வேண்டாம். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. கடையில் எடுக்கும்போது உள்ளே பனித்துகள் கட்டியிருந்தாலோ வடிவம் சரிந்திருந்தாலோ, ஒருமுறை உருகி இறுகியது என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் என்று கேட்டால், சாப்பாடு முடிந்த கையோடு கொடுப்பது பல்லுக்கு நல்லது. மதியம் முழுக்கச் சப்பிக்கொண்டே இருப்பதுதான் பல்லை அரிக்கும். தாகத்துக்கு முதலில் தண்ணீர். ஐஸ் அதற்கு ஈடாகாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பள்ளியின் கடைசி வாரத்தில் பிறந்தநாள் வரும் பிள்ளைகள் வகுப்புக்கு ஐஸ்கிரீம் கொண்டுவருவதானால், இரண்டு நாள் முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பாலும் கொட்டை வகைகளும் ஒவ்வாத பிள்ளைகள் இருக்கலாம். லேபிளோடு கொண்டுவந்தால் பார்த்துக் கொடுக்க வசதி. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒவ்வாமை இருந்து இதுவரை எழுத்தில் தரவில்லை என்றால், இந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்