மலையோரத்து ஒலிநாடாக்களுக்குக் கைகொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

வட கரோலினாவின் சர்ரி கவுண்டியிலும் அதையொட்டிய வர்ஜீனியா மலையோர ஊர்களிலும், 1960களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள், பள்ளி ஆசிரியர் ஒருவர் சொந்தச் செலவில் பதிந்து வைத்திருந்த பிடில், பாஞ்சோ இசையின் ஸ்பூல் நாடாக்கள் எல்லாம் டிஜிட்டல் வடிவுக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் காப்பகத்துக்கும், இன்னொரு பிரதி வாசித்தவர்களின் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உதவிய அமெரிக்க நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டோம். ராலே, கேரி வட்டாரத் தமிழ் நண்பர்கள் சிலரும் தங்கள் வார இறுதிகளை இந்தப் பணிக்கே கொடுத்தார்கள். நம் பாட்டும் இல்லை, நம் ஊரும் இல்லை, இதில் அப்படி என்ன வேலை என்று ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவர்களுடைய பெற்றோர் கேட்டதற்கும் பதிலாக இருக்கட்டும் என்றுதான் இம்மடலைத் தமிழில் எழுதுகிறோம்.

அமெரிக்க நாடோடி இசையைத் திரட்டுவதற்கென்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 1928இலேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கியது. 1933இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களில் அலைந்தார்கள். தோளில் தொங்கவிடக்கூடிய நாடாக் கருவிகள் வந்த பிறகு இந்த வேலை ஆர்வலர்களின் கைக்கும் வந்தது. மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மேக்ஸ் ஹன்டர் ஊர் ஊராகச் சென்ற ஒரு விற்பனையாளர்; 1956க்கும் 1976க்கும் இடையில் ஓசார்க் மலைப்பகுதியில் அவர் சேர்த்த பாடல்கள் 1,600ஐ நெருங்கும். டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆலன் ஜபூர், 1966இலும் 1967இலும் வர்ஜீனியாவின் கிளென் லின் என்ற சிற்றூரில் ஹென்றி ரீட் என்ற முதியவரின் பிடில் வாசிப்பைப் பதிந்தார். 1968இல் ரீட் காலமானார். அந்த இரண்டாண்டுப் பதிவுகள் இல்லையென்றால், இன்று நாடெங்கும் வாசிக்கப்படும் சில மெட்டுகள் அந்த ஊரைத் தாண்டியே வந்திருக்காது. எங்கள் ஆசிரியர் இவர்களைப்போல் பெயர் பெற்றவர் அல்லர். செய்த காரியம் இதே வகைதான்.

முதல் நன்றி அவருடைய மகளுக்கு உரியது. தந்தையின் மறைவுக்குப் பின் அந்தப் பெட்டிகளை வெயில் கொதிக்கும் கூரையடிப் பரணிலோ ஈரம் கசியும் நிலவறையிலோ போடாமல், தாம் படுக்கும் அறையின் அலமாரியிலேயே இத்தனை காலமும் வைத்திருந்தார். நாடாக்கள் பிழைத்ததற்குப் பாதிக் காரணம் அந்த அலமாரி. தந்தை எழுதிய அட்டைகளில் ஒன்றைக்கூட அவர் பிரித்து எறியவில்லை.

அடுத்து, பழுதான கருவிகளைச் சீர்செய்து மாற்றும் பணி முழுவதையும் தோளில் சுமந்த ஓய்வுபெற்ற பொறியாளருக்கு. ஒவ்வொரு சுருளையும் அவர் முதலில் விளக்கின் எதிரே பிடித்துப் பார்ப்பார். ஒளி ஊடுருவினால் அந்த நாடா அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். அசிடேட் எளிதில் ஒடியும், ஆனால் ஒடிந்த இடத்தை ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் ஒடியாது, இழுபட்டு நீண்டுவிட்டால் அந்த இடத்து இசை போனதுதான். 1970களின் சில நாடாக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துக் கருவியில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டன. அவற்றை மட்டும் பழம் உலர்த்தும் மின்பெட்டியில், 54 டிகிரி செல்சியஸ் அளவில், பல மணி நேரம் வைத்து உலர்த்தி, பிசுபிசுப்பு திரும்புவதற்குள் ஓட்டிப் பதிவு செய்துகொண்டார். அசிடேட்டை அந்தப் பெட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

வேகத்தைச் சரிசெய்ததையும் சொல்லியாக வேண்டும். பதிவின்போது பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறி, பாட்டும் விரைந்து ஓடும். பிடில்காரர்கள் கூடத்தில் எப்படி ஒத்து வந்ததோ அப்படிச் சுருதி சேர்த்தவர்கள், ஆகவே வாத்தியத்தின் சுருதியை அளவுகோலாக நம்ப முடியாது. பல பதிவுகளின் அடியில் வீட்டு மின்சாரத்தின் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். நாடாவில் அது 63ஆக ஒலித்தால் வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கணக்கில் வந்துவிடும். நாம் இரைச்சல் என்று நீக்கத் துடிக்கும் ஒலியே இப்படி உதவியதால், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்தர அளவில் எடுத்த மூலப்பிரதியில் இரைச்சல் நீக்கம் எதுவும் செய்வதில்லை என்று முடிவாயிற்று. நாற்காலி கிறீச்சிடுவதும் நாய் குரைப்பதும் அதில் அப்படியே இருக்கின்றன.

ஆயினும் ஒலியைக் காப்பாற்றியதைவிடப் பெரிய உதவி, ஒலிப்பது யார், என்ன என்று சொன்னவர்கள் செய்ததுதான் என்பது என் கருத்து. பெயரில்லாத பதிவு காப்பகத்தில் இருந்தும் இல்லாததுபோலத்தான். தேடுகிறவர் கண்ணில் அது படாது. மேக்ஸ் ஹன்டர் பாடியவர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் குறித்து வைத்ததால்தான் அவருடைய தொகுப்பு இன்றும் புழங்குகிறது. எங்கள் ஆசிரியரின் அட்டைகளில் பாதிக்கு, சமையலறை, மழை, நல்ல மனிதர் என்ற அளவில்தான் குறிப்பு இருந்தது. மவுன்ட் ஏரி பகுதியைச் சேர்ந்த முதுபெரும் பிடில் கலைஞர் ஒருவர், கண்பார்வை மங்கிய நிலையிலும், மாலை மாலையாக எங்களோடு அமர்ந்து கேட்டு, வில்லை இழுக்கும் விதத்தைக் கொண்டே வாசித்தவரின் பெயரையும் தந்தையின் பெயரையும் சொன்னார். ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் மூன்று மெட்டு என்ற குழப்பத்தை அவர் பிரித்துக் கொடுத்திராவிட்டால் எங்கள் பட்டியலே பொய்யாகியிருக்கும்.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்கள் நம் தமிழ் நண்பர்கள். அவர்களில் ஒருவர் சிறுவயதில் கர்நாடக வயலின் பயின்றவர். இந்த மலையோரப் பிடில்காரர்கள் பல மெட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு முழுச்சுரம் உயர்த்தி, மேற்கத்தியச் சுரப்பெயர்களில் ஏ-இ-ஏ-இ என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது நாடாவிலேயே அவர், இது நம் ஸ-ப-ஸ-ப அல்லவா என்றார். உண்மைதான், நம் வயலினும் அப்படித்தான் சேர்க்கப்படுகிறது. இரண்டு மரபும் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவை, உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் எந்த மெட்டு எந்தச் சுருதிச் சேர்க்கையில் வாசிக்கப்பட்டது என்ற பட்டியல் பத்தியைப் பிழையின்றி நிரப்ப அவருடைய காதுதான் உதவியது. இன்று பிடில் பழகுகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்தப் பத்தியைத்தான்.

வாசித்தவர்களின் குடும்பங்களுக்கு எங்கள் நன்றி தனி வகை. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவாகி வெளியிடப்படாத இத்தகைய ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, பாட்டனார் தம் சமையலறையில் ஒரு நண்பருக்காக வாசித்ததை உலகுக்குத் திறந்துவிடலாமா என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்காமல் செய்வது முறையன்று. பெரும்பாலோர் மனமுவந்து சம்மதித்து, புகைப்படங்களும் தந்தார்கள். ஒரு குடும்பம் மறுத்துவிட்டது. பிடில் சாத்தானின் பெட்டி என்று கருதிய காலமும் திருச்சபைகளும் அங்கே உண்டு. அவர்களுடைய பாட்டனார் பிற்காலத்தில் நடன மெட்டு வாசிப்பதையே விட்டவராம். எங்களில் சிலருக்கு அது வருத்தமே, ஏனெனில் தொகுப்பிலேயே மிகச் சிறந்த வாசிப்பு அது. என்றாலும், எங்கள் கடிதத்தை மதித்து, காரணத்தையும் விளக்கி, நாடா அழியாமல் காப்பகத்தில் மூடிய நிலையில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்ட அக்குடும்பத்துக்கும் சம்மதித்தவர்களுக்குச் சொன்ன அதே நன்றியைச் சொல்கிறோம்.

ஆசிரியரின் மகள் அண்மையில் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் இருப்பவை அனைத்தும் கேசட்டுகள், பெரும்பாலும் 1980களைச் சேர்ந்தவை. நல்ல நிலையில் கேசட் டெக் வைத்திருப்பவர்களும், பட்டியல் வேலையில் மீண்டும் சேர விரும்புகிறவர்களும் பழையபடி தெரிவித்தால் போதும். முதல் கேசட்டை அந்த முதுபெரும் கலைஞரே கேட்க வேண்டும் என்று மகள் எடுத்து வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
நாடாக்களின் பொறுப்பை ஏற்ற குழுவினர் சார்பில்