ஃபௌவாத் மிர்சாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

டோக்கியோ ஒலிம்பிக்கில், ஈவென்டிங் என்ற மூன்று பகுதிக் குதிரையேற்றப் போட்டியின் முடிவுப் பட்டியலில் 23ஆம் இடத்துக்கு நேரே இரண்டே பெயர்கள்: வீரர் ஃபௌவாத் மிர்சா, குதிரை சென்யூர் மெடிகாட். அவர்களுக்குப் பின்னால் நின்ற உங்களுக்கு, பெங்களூரில் குதிரையேற்றம் பழகும் ஒரு பெண்ணின் அப்பாவாக இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஹஸ்னைன் மிர்சா அவர்களே, குதிரை மருத்துவரான நீங்கள் மகனைச் சிறு வயதிலேயே குதிரைகளோடு பழகவிட்டீர்கள். எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான்.

ஜீத்து விர்வானி அவர்களே, நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையை ஐரோப்பியப் போட்டிகளுக்குக் கொண்டுபோவது கிட்டத்தட்ட நடக்காத காரியமாக இருந்தது. வீரர் அங்கேயே தங்கி, அங்குள்ள குதிரையில்தான் பழகியாக வேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்கள் நினைத்தும் பார்க்க முடியாத அந்தச் செலவை வருடக்கணக்கில் ஏற்றுக்கொண்டீர்கள்.

சாண்ட்ரா அவுஃபார்ட் அவர்களே, 2014இன் ஈவென்டிங் உலக சாம்பியன் நீங்கள். டோக்கியோவில் ஜெர்மனிக்காக நீங்களும் போட்டியிட்டீர்கள். தன்னோடு களத்தில் மோதப்போகிறவனுக்கே கற்றுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! குதிரையின் நடையழகையும் பணிவையும் பார்க்கும் டிரெஸ்ஸாஜ் சுற்றில், குறைவாக இருந்தால்தான் நல்லது என்கிற தண்டப் புள்ளிகள் 28.00 பெற்று ஃபௌவாத் 9ஆம் இடத்தில் நின்றபோது உங்கள் உழைப்பு தெரிந்தது.

அதிக நன்றி லாயப் பணியாளர்களுக்கு. நான் படித்த எந்தச் செய்தியிலும் உங்கள் பெயர் இல்லை. திறந்தவெளியில் தடுப்புகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரிக்கு முன், தடுப்பில் உரசினாலும் கால் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று குதிரையின் கால்களில் பசையை அப்புவது நீங்கள். தரை வழுக்காதிருக்க லாடத்தில் ஆணிகளைத் திருகுவதும் நீங்கள். ஓடி முடித்த குதிரையின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடியும் ஊற்றி, மூச்சு தணியும்வரை நடத்திக்கொண்டே இருப்பீர்கள். பிறகு கால்களுக்கு ஐஸ். மறுநாள் மருத்துவர்கள் முன்னால் அது நொண்டாமல் ஓடிக் காட்ட வேண்டுமே! டோக்கியோவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் கிராஸ் கன்ட்ரியைக் காலையிலேயே வைத்தார்கள். ஃபௌவாத் அதில் 28 விநாடி பிந்தினார். அப்படி ஓடிய குதிரை அடுத்த நாள், மைதானத்தில் வைத்த தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் ஒரு சுற்றல்ல, இரண்டு சுற்று தாண்டியது. முதல் சுற்றின் முடிவில் அவர் 25ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போனவர்களும் 25 பேர்தான். இந்திய ஈவென்டிங் வீரர் ஒருவர் அந்தச் சுற்றை எட்டியது அதுவே முதல் தடவை. அந்தக் கால்களைக் காப்பாற்றிக் கொடுத்த கைகளுக்கு என் வணக்கம்.

ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஃபௌவாத்தோடு நீங்கள் சேர்ந்து வென்ற குழு வெள்ளியை மறக்கவில்லை. ஃபௌவாத்தின் தனிநபர் வெள்ளியையே எல்லோரும் பேசினார்கள். குதிரையேற்றத்தில் இந்தியருக்கு ஆசிய விளையாட்டுத் தனிநபர் பதக்கம் கிடைத்தது 1982க்குப் பிறகு அதுவே முதல் தடவை என்பதால் அது நியாயம்தான். ஆனால் குழுப் பதக்கத்தை ஒருவரால் வாங்க முடியாது.

இந்திரஜித் லாம்பா, இம்தியாஸ் அனீஸ் அவர்களே, 1996இல் அட்லாண்டாவுக்கும் 2000இல் சிட்னிக்கும் இந்தியாவிலிருந்து குதிரையேற்றத்துக்கு நீங்கள் தனி ஆளாகப் போனீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. இப்போதாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பெங்களூரிலிருந்து ஓர் அப்பா